பட்டு பிறப்பது பசுங்கணிகத்தில்

ஆரணியில் சேலைக்கு விலை பேசினால் ஜரிகையின் தரம், நெசவுக் கூலி, கச்சாப் பட்டின் விலை எல்லாம் பேச்சில் அடிபடும். மல்பெரி இலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பட்டுப்புழுவுக்கோ அந்த இலைதான் எல்லாமே. புழு நூற்கும் பட்டுப் புரதத்தில் பெரும்பங்கு இலைப் புரதத்திலிருந்து வருகிறது. இலையில் மிகுந்திருக்கும் புரதம் ரூபிஸ்கோ; கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது அதுதான். அது குடியிருக்கும் இடம், இலைச் செல்லுக்குள் பச்சை மணியாக இருக்கும் பசுங்கணிகம்.

இந்தப் பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனி உயிர். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நீலப்பச்சைப் பாசி ஒன்றை வேறொரு செல் விழுங்கியது. செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. 1883-ல் ஜெர்மானியர் ஷிம்பர் இதைக் கோடிகாட்டினார். 1905-ல் ரஷ்யர் மெரெஷ்கோவ்ஸ்கி விரித்து எழுதினார். 1967-ல் அமெரிக்கர் லின் மார்குலிஸ் மறுபடி எடுத்துவைத்த பிறகே அறிவியல் உலகம் மெல்லக் காதுகொடுத்தது.

மல்பெரியிலேயே இதற்குத் தடயம் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத் தென் வளாக ஆய்வாளர்கள், இந்திய மல்பெரி ரகமொன்றின் பசுங்கணிக டிஎன்ஏவை முழுதாகப் படித்து 2006-07 வாக்கில் வெளியிட்டார்கள். நீளம் சுமார் 1,58,000 எழுத்துகள், மரபணுக்கள் நூற்றுச்சொச்சம். தனித்து வாழும் பாசிக்கோ அவை ஆயிரக்கணக்கில் உண்டு. மிச்சத்தில் பல தொலைந்தன. பல செல்லின் உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன. ரூபிஸ்கோவின் பெரிய பகுதிக்கான மரபணு இன்றும் கணிகத்தில் இருக்கிறது, சிறிய பகுதிக்கானது உட்கருவில்.

பழைய பிறவியின் அடையாளம் பிரியும்போதும் தெரிகிறது. பசுங்கணிகத்தைச் செல் புதிதாகச் செய்வதில்லை; இருப்பதே இரண்டாகிறது. உள்ளே எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம் வளையம் கட்டுகிறது. நீலப்பச்சைப் பாசி உள்ளிட்ட பாக்டீரியாக்கள் பிரிவதும் இதைக் கொண்டுதான். தாவரத்தில் இது இருப்பது 1995-ல் தெரியவந்தது. வெளியே செல்லின் சொந்தச் சரக்கான டைனமின் வகைப் புரதம் இன்னொரு வளையமாகிறது. சுருக்குப்பையின் வாயைப்போல் இரண்டும் இறுக, கணிகம் இடுப்பு ஒடுங்கி அறுபடுகிறது.

இவ்வளவும் நம் வகுப்பறையில் ஒரு படமாகச் சுருங்கிவிடுகிறது: வரைந்து பாகம் குறி, மதிப்பெண் வாங்கு. இது போதாது. குளத்து வேலம்பாசியின் ஓர் இலையை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பச்சை மணிகள் செல் சுவரோரம் நகர்வது தெரியும். செலவு பெரிதல்ல, ஆசிரியருக்குத் தேவை ஒரு பாடவேளைதான்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஆரணிப் பள்ளிகளிலாவது பசுங்கணிகப் பாடத்தை மல்பெரியிலிருந்து தொடங்கலாம். பாடநூல் எழுதுவோரும் அந்த டெல்லி ஆய்வுக்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.