லோடை மறுக்கும் வலிமை

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில், காட்டை விற்றோ நகையை அடகு வைத்தோ கையில் கொஞ்சம் பணம் சேர்த்து, மீதிக்குப் பைனான்ஸில் கடன் வாங்கி, ஒரே ஒரு லாரிக்கு உரிமையாளராகி, அந்த வண்டியின் உழைப்பிலேயே பிள்ளைகளின் படிப்பையும் பெற்றோரின் வைத்தியத்தையும் கவனித்துக்கொண்டு ஜீவனம் நடத்துகிற குடும்பங்கள் அநேகம். அவர்களுள், பக்கப் பலகையும் கூரையும் இல்லாத தட்டை டிரெய்லர் வைத்திருப்பவர்களைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன். இரும்புத் தகடு, குழாய், எஃகுச் சுருள், டிரான்ஸ்பார்மர், கொதிகலன் பாகம், காற்றாலை இறக்கை என்று நாட்டின் கனரகத் தொழில்கள் உண்டாக்குகிற பெரும் பண்டங்களில் பல இவர்களைப் போன்றவர்களின் வண்டிகளில்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. அப்படியிருந்தும், “வாடகை கட்டுப்படியாகவில்லை” என்ற வார்த்தையை இவர்களிடம் கேட்காத நாள் இல்லை.

நல்ல வாடகை தரும் லோடு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, இன்னும் நாலு புரோக்கரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், செல்போனில் லோடு காட்டும் செயலிகளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான். அதில் பிரயோஜனம் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஒரு லோடு எனக்குத் தெரியும் அதே நிமிஷத்தில் அதே திசையில் நிற்கும் நூறு பேருக்கும் தெரிகிறதென்றால், அந்த நூறு பேரில் மிகவும் கஷ்டத்தில் இருப்பவர் எந்தத் தொகைக்கு இறங்கி வருகிறாரோ அதுவே எல்லோருக்கும் வாடகையாகிவிடும். என் அபிப்பிராயத்தில் இந்தத் தொழிலில் பஞ்சம் லோடுக்கு இல்லை. கட்டுப்படியாகாத லோடை “இந்த வாடகைக்கு வராதுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் வலிமைக்குத்தான் பஞ்சம். அந்த வலிமையைச் சம்பாதித்துக்கொள்வதே நல்ல வாடகைக்கு வழி.

வடக்கே எங்கோ ஓர் ஆலையில் சரக்கை இறக்கிவிட்டு நிற்கிற ஒரு டிரெய்லரை எண்ணிப் பாருங்கள். ஊர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இறக்குவதற்கே இரண்டு நாள் காத்திருந்தாயிற்று. புறப்படும்போது வாங்கிய அட்வான்ஸ் டீசலுக்கும் டோலுக்கும் போய்விட்டது. மீதி வாடகையோ, பொருள் சேதமின்றிச் சேர்ந்ததென்று முத்திரை குத்திய ரசீது ஊர் வந்து சேர்ந்த பிறகு, பல வாரம் நடந்த பிறகு கிடைக்க வேண்டியது. அடுத்த வாரம் தவணை தேதி. இந்த நிலையில் புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருகிற மனிதரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரோக்கருக்கு எல்லாம் விளங்கிவிடும். “உங்க ஊர்ப் பக்கம் ஒரு லோடு இருக்குது, இவ்வளவுதான் வாடகை, வேண்டாம்னா பின்னாலே நாலு வண்டி நிக்குது” என்று அவர் சொல்ல, டீசல் காசாவது வந்தால் போதுமென்று இவர் தலையாட்டுகிறார். கமிஷனையும் கழித்துக்கொண்டு கையில் வைக்கப்படுகிற அந்தத் தொகையே மறுநாள் அடுத்த வண்டிக்காரருக்கும் சந்தை விலையாக நிலைத்துவிடுகிறது.

ஆகவே ஒரு லோடின் நன்மை தீமையை அது ஏறும் இடத்தில் கணக்கிடக் கூடாது. அது இறங்கிய பின் வண்டி எங்கே நிற்கப்போகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 1,200 கிலோமீட்டருக்கு 84,000 ரூபாய் வாடகை; கிலோமீட்டருக்கு 70 ரூபாய். ஆனால் இறக்கிய இடத்தில் டிரெய்லருக்கு ஏற்ற சரக்கு இல்லாமல், காலி வண்டியாக இன்னும் 300 கிலோமீட்டர் ஓடித்தான் அடுத்த லோடு ஏற்ற வேண்டியிருக்கிறது. இப்போது ஓட்டம் 1,500 கிலோமீட்டர். கிடைத்தது கிலோமீட்டருக்கு 56 ரூபாய்தான். வேறொரு லோடு 1,000 கிலோமீட்டருக்கு 62,000 ரூபாய். கேட்டவுடன் யாரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் இறக்கும் ஆலையிலிருந்து 20 கிலோமீட்டரில் ரிட்டன் லோடு கிடைத்துவிடுகிறது. அதன் கணக்கு கிலோமீட்டருக்கு 60 ரூபாயைத் தாண்டிவிடும்; காத்திருக்கும் நாளும் மிச்சம். இந்தக் கூட்டல் கழித்தல் தெரியாதவர் யாரும் இத்தொழிலில் இல்லை. ஆனால் கையில் நோட்டு ஒன்று வைத்து, எந்த ஊரில் இறக்கினால் எத்தனை நாளில் என்ன லோடு கிடைத்தது என்று வருஷக் கணக்காக எழுதி வைத்திருப்பவர் மிகச் சிலரே. அப்படி எழுதி வைத்தவர் புரோக்கரிடம் பேசும் தோரணையே வேறாக இருக்கும்.

இரண்டாவதாக, தட்டை டிரெய்லர் ஓட்டுகிறவர் தம்முடைய வித்தையின் மதிப்பைத் தாமே உணர்வதில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிற விஷயம். தொழிலில் காயில் என்று சொல்லப்படுகிற எஃகுச் சுருளையே எடுத்துக்கொள்வோம். ஒரே சுருள் இருபது டன்னுக்கு மேலும் இருப்பதுண்டு. தட்டையான தளத்தில் அது உருளாமல் நிற்பதற்கு, இருபுறமும் சரியான சாய்வில் அறுத்த கட்டைகளை முட்டுக் கொடுத்து, நடுத் துவாரத்தின் வழியாகச் சங்கிலியை இழுத்துப் பூட்டி இறுக்கி, கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டியை ஓரங்கட்டி, சங்கிலியைக் கையால் தட்டிப் பார்த்து, தளர்ந்த இடத்தை மறுபடியும் இறுக்க வேண்டும். அவசரமாகப் பிரேக் போடும்போது கட்டு விட்டுப்போனால் அந்தச் சுருள் முன்னே வந்து கேபினையே நசுக்கிவிடும். தார்ப்பாயை மடிப்புப் பார்த்துப் போடாமல் ஒரு மழையில் நனையவிட்டாலோ, தகட்டில் துரு ஏறி, சரக்கை ஏற்க மாட்டோமென்று ஆலை சொல்லிவிடும். நஷ்டம் வாடகையில் கழியும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் காற்றாலை வட்டாரங்களுக்கும் இடையே போகிற இறக்கைகள், திருவெறும்பூர் பெல் ஆலையிலிருந்து புறப்படுகிற கொதிகலன் பாகங்கள் போன்றவற்றுக்கோ, எந்தப் பாலம் தாங்கும், எந்த வளைவில் வண்டி திரும்பும், எந்த மின்கம்பி தாழ்ந்திருக்கிறது, யாரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற ஞானம் இன்றியமையாதது. மூட்டை ஏற்றுகிற வண்டிக்குக் கொடுக்கும் கணக்கிலேயே இந்த உழைப்புக்கும் வாடகை பேசுவது அநியாயம்.

பெரிய ஆலைகள் பெரும்பாலும் பெரிய டிரான்ஸ்போர்ட் நிறுவனங்களுக்கே ஒப்பந்தம் கொடுத்துவிடுகின்றன. அந்த நிறுவனத்திடமிருந்து புரோக்கர், புரோக்கரிடமிருந்து ஒற்றை வண்டிக்காரர் என்று படி இறங்கி வரும்போது வாடகையும் படிப்படியாகத் தேய்ந்து வருகிறது. ஆனால் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும், மாதத்துக்குச் சில இயந்திரங்களையோ இரும்புக் கட்டுமானங்களையோ மாத்திரம் அனுப்புகிற நடுத்தரத் தொழிற்சாலைகள் எத்தனையோ உள்ளன. அங்கே அனுப்புகைப் பிரிவைக் கவனிப்பவருக்கு வேண்டியது, சொன்ன நாளில் வந்து, சரக்கைக் கீறல் இல்லாமல் கட்டி, வழியில் எங்கிருக்கிறோமென்று போனில் சொல்லி, பத்திரமாக இறக்கிக் கொடுக்கிற ஒரு நம்பிக்கையான ஆள். கட்டிய சரக்கின் படங்களையும், இறக்கிய இடத்தில் வாங்கிய ரசீதுகளையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு, அத்தகைய நாலைந்து ஆலைகளின் வாசலை நேரில் மிதித்தவர்களுக்கு, இரண்டு ஆலைகளாவது நிலையான வாடிக்கையாக அமைந்துவிட்டால், மூன்றாவது லோடை மறுக்கும் தைரியம் தானாக வரும்.

மறுக்க வேண்டிய லோடுகளில் முதலாவது ஓவர்லோடு. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதிக்கப்பட்ட எடையை உயர்த்தியபோது, இரண்டு அச்சு வண்டிக்கு மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு வண்டிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும், ஐந்து அச்சு வண்டிக்கு 37 டன்னிலிருந்து 43.5 டன்னாகவும் ஆயிற்று. உரிமையாளருக்கு லாபம் என்று அன்று பலரும் எண்ணினார்கள். நடந்தது என்னவென்றால், அதே சரக்கை ஏற்றக் குறைந்த வண்டிகள் போதுமென்றாகி, வேலையில்லாமல் நின்ற வண்டிகள் வாடகையைக் கீழே இழுத்தன. சட்டத்துக்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு டன்னும் இன்னொரு வண்டிக்காரரின் லோடைப் பறித்து ஏற்றுகிற டன்தான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு 20,000 ரூபாய் அபராதமும், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. ஓட்டுகிறவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் அந்தச் சட்டம் குற்றவாளியாக்குகிறது. ஆயினும் சாலையில் பிடிபடுவது வண்டிக்காரர். ஏற்றச் சொன்னவர் அலுவலகத்தில் சுகமாக இருக்கிறார். எடைமேடைச் சீட்டில் மிகுதி தெரியும்போது, அதை ஏற்றி அனுப்பிய ஆலையையும் அதிகாரிகள் கேட்க வேண்டும்.

கைக்கு வராத வாடகை எவ்வளவு உயர்ந்ததானாலும் அதனால் என்ன பயன்? 2006ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் சேவைத் தொழில்களுக்கும் உரியது. ஒரே வண்டி வைத்திருப்பவர் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்டால், அவருக்குச் சேர வேண்டிய தொகையை, எப்படி ஒப்பந்தம் பேசியிருந்தாலும், 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டியாகச் சேரும். அதோடு, கெடு தாண்டி நிற்கும் பாக்கியை உரிய காலத்தில் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாதபடி வருமான வரிச் சட்டமும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் மாற்றப்பட்டிருக்கிறது. புரோக்கர்களைப் பொறுத்தவரையிலோ, 2011 மார்ச் 1இல் அமலுக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், சரக்கு புக்கிங் நிறுவனம், ஏஜெண்டு, புரோக்கர் ஆகியோரையும் பதிவுக்கு உட்பட்டவர்களாகவே வைத்திருக்கிறது. பதிவு எண் இல்லாத புரோக்கரிடம் லோடு எடுப்பதில்லை என்று ஒரு வட்டாரத்து உரிமையாளர்கள் தீர்மானித்தால், வாடகைப் பணத்தோடு இரவோடிரவாகக் கடையைக் கட்டுகிற மோசடிகளில் பாதியாவது குறையும். டீசல் விலையோ 2017 ஜூன் முதல் தினந்தோறும் மாற்றப்படக்கூடியதாகிவிட்டது. வருஷ வாடகை பேசுகிறவர்கள், டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்ற ஷரத்தில்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இவையெல்லாம் தனி ஒருவரின் சாமர்த்தியத்தால் ஓரளவுக்குத்தான் கைகூடும் என்பதையும் நான் அறிவேன். தவணை நெருங்கும் மனிதரிடம் மறுத்துவிடு என்று உபதேசம் செய்வது சுலபம். அவர் மறுத்த லோடை அடுத்த வண்டிக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்ற உறுதியை யார் கொடுப்பது? சங்கம்தான் கொடுக்க வேண்டும். நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள், எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து 2025 மார்ச்சில் வண்டிகளை நிறுத்தியபோது, ஒரு சங்கமாக நின்று பேசினார்கள். டிரெய்லர்காரர்களுக்கு எதிரே அப்படி இரண்டு மூன்று நிறுவனங்கள் மட்டும் இல்லை, நூற்றுக்கணக்கான ஆலைகள் சிதறிக் கிடக்கின்றன என்பது மெய்யே; ஆகையால் வேலைநிறுத்தம் அவர்களுக்கு ஏற்ற ஆயுதம் அன்று. அவர்களுக்கு வேண்டியது, லோடு அதிகம் இறங்கும் ஊர்களில் சங்கமே நடத்துகிற ஒரு புக்கிங் ஆபீஸும், ரிட்டன் லோடு கிடைக்கும் வரையில் ஓர் உறுப்பினர் நாலு நாள் நிதானமாகக் காத்திருப்பதற்கு டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கொடுக்கிற ஒரு சிறு நிதியும்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. சரக்கு வண்டிகளின் வாடகைக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் வகுத்து உத்தரவிட 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு பாதைக்கும் அரசு வாடகை நிர்ணயிப்பது நடக்கிற காரியம் என்று நான் கருதவில்லை. ஆனால் ஆலை வாசலில் 24 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைத்தால், ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்ச ஹால்டிங் தொகை உண்டு என்ற ஒரே ஒரு விதியைக் கொண்டுவர என்ன தடை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டு உத்தரவாக வாங்குவதையும், கூட்டு புக்கிங் ஆபீஸ் ஒன்றையாவது தொடங்குவதையும், சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் உள்ள லாரி உரிமையாளர் சங்கங்கள் தங்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.