படிக்க மாட்டேன் என்னும் பிள்ளை

வீட்டிலே கண்ணாடி அலமாரி நிறையப் புஸ்தகங்கள் இருக்கின்றன. தகப்பனார் படித்தவர், தாயாரும் படித்தவள். ஆனால் பத்து வயதுப் பிள்ளையாண்டானோ புஸ்தகத்தைக் கண்டால் விளக்கெண்ணெயைக் கண்டாற்போல் முகத்தைச் சுளித்துக் கொள்ளுகிறான். "படி" என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்குத் தாகம் எடுக்கிறது. தண்ணீர் குடித்து வந்ததும் வயிறு வலிக்கிறது. வயிற்று வலி நின்றதும் பென்ஸில் முனை முறிந்து போகிறது. "இவன் எப்படித்தான் உருப்படப் போகிறானோ?" என்று தாயார் கண் கலங்குகிறாள். "எல்லாம் இந்தக் கைப்பேசி செய்கிற வேலை" என்று தகப்பனார், தம்முடைய கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்புக் கூறுகிறார். இந்த நாடகம் நடைபெறாத தமிழ் வீடு இன்று அபூர்வம். பிள்ளை இருக்கும் இடத்தில் பெண்ணை வைத்துப் பார்த்தாலும் கதை மாறுவதில்லை.

சிரித்துவிட்டுப் போகக் கூடிய விஷயமாக இது தோன்றலாம். ஆனால் அந்தக் குழந்தையின் மனத்துக்குள் நிகழ்வது சிரிப்புக்கு உரியதன்று. "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்றும், "மக்கு" என்றும் நாள்தோறும் கேட்டு வருகிற குழந்தை, சில காலத்தில் அதைத் தானும் நம்பத் தொடங்கிவிடுகிறது. புஸ்தகத்தை வெறுக்கும் பிள்ளையைப் பின்னொரு நாள் மாற்றலாம். தன்னையே வெறுக்கக் கற்றுக் கொண்ட பிள்ளையை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. ஆகையால் பெற்றோர் முதலில் காப்பாற்ற வேண்டியது குழந்தையின் தன்மதிப்பை. வாசிப்பு அதற்கு அடுத்தபடியாகத்தான்.

படிப்பில் ருசியில்லாத பிள்ளையெல்லாம் பிற்காலத்தில் சோடை போய்விடும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்வதில்லை. காந்தியடிகளையே எடுத்துக் கொள்வோம். 1925-ஆம் ஆண்டு முதல் 'நவஜீவன்' பத்திரிகையில் எழுதி வந்த சுயசரிதையில் அவர் தமது பள்ளிப் பருவத்தைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கிறார். பாடப் புஸ்தகங்களுக்கு அப்பால் எதையும் படிப்பதில் அவருக்கு அப்போது விருப்பமே இருந்ததில்லை. உபாத்தியாயரிடம் திட்டு வாங்குவதும் பிடிக்காது, அவரை ஏமாற்றுவதும் பிடிக்காது என்பதனால்தான் பாடங்களையும் படித்து வந்தாராம். இப்படிப்பட்ட பிள்ளையின் கண்ணில் ஒரு நாள் தகப்பனார் வாங்கி வைத்திருந்த ஒரு நாடகப் புஸ்தகம் தென்பட்டது. கண்ணில்லாத தாய் தந்தையரைத் தோளில் சுமந்து சென்ற சிரவணனின் கதை அது. எடுத்தார்; மிகுந்த ஆவலோடு படித்து முடித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ஊர் ஊராகப் படம் காட்டித் திரிவோர் அவர்கள் ஊருக்கு வந்தார்கள். சிரவணன் காவடியில் பெற்றோரைத் தூக்கிச் செல்லும் காட்சி அந்தப் படங்களில் இருந்தது. மகன் இறந்தபோது பெற்றோர் புலம்பும் பாட்டின் மெட்டு மனத்தை உருக்கவே, தகப்பனார் வாங்கிக் கொடுத்திருந்த கைவாத்தியத்தில் அதை வாசித்தும் பார்த்தார்.

இந்தச் சிறு சம்பவத்தில் பெற்றோருக்கு வேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தப் புஸ்தகத்தை யாரும் அவர் கையில் திணிக்கவில்லை. அது வீட்டில் கிடந்தது. தகப்பனார் வாங்கி வைத்திருந்தது. படித்த கதை படமாகக் கண் முன் வந்தது. பாட்டாகக் காதில் ஒலித்தது. "படித்தாயே, என்ன புரிந்தது? ஒரு பக்கம் எழுதிக் காட்டு" என்று எவரும் அவரைப் பரீட்சை செய்ததாகவும் தெரியவில்லை.

பிறகு நிகழ்ந்ததையும் நோக்குங்கள். 1904-ஆம் ஆண்டில் அவர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயில் ஏறியபோது, நண்பர் போலக் ரஸ்கின் எழுதிய ஒரு நூலை வழியில் படிக்கக் கொடுத்தார். எடுத்த நூலைக் கீழே வைக்க முடியவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. அந்த நூல் கூறிய வண்ணம் வாழ்வை மாற்றிக் கொள்ளத் தீர்மானித்தார். அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் பண்ணை பிறந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. வாசிப்பின் முழு வலிமை ஒருவரைத் தொட அத்தனை ஆண்டுகள் பிடிக்கலாமென்றால், பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி இன்றே தீர்ப்பெழுத நமக்கு என்ன அவசரம்?

இனி, பிள்ளை ஏன் படிக்க மறுக்கிறான் என்பதைக் கவனிப்போம். பெரும்பாலும் "சோம்பல்" என்ற ஒரே சொல்லால் விவகாரத்தை முடித்துவிடுகிறோம். வாசிப்பு இரண்டு காலால் நடப்பது. எழுத்தைக் கண்டவுடன் ஒலியாக மாற்றும் திறமை ஒரு கால். மாற்றிய சொற்களின் பொருளை உணர்வது மற்றொரு கால். கஃப், டன்மர் என்னும் இரு அறிஞர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யந்தானே? ஆகவே எந்தக் கால் தடுமாறுகிறது என்று முதலில் கண்டறிய வேண்டும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. அவன் படிக்க மறுக்கும் கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கண்ணை அகல விரித்துக் கேட்டு, "அப்புறம்?" என்கிறானா? அப்படியானால் கதையில் அவனுக்குக் குறையில்லை. எழுத்துத்தான் மலையாக நிற்கிறது. கேட்கும்போதும் விழிக்கிறான் என்றால், சொற்களே அவனுக்கு அந்நியமாயிருக்கின்றன.

தமிழ்க் குழந்தைக்கு இவ்விரண்டிலும் தனித்த தொல்லைகள் உண்டு. 'கண்', 'பங்கு', 'பகல்' என்ற மூன்று சொற்களிலும் ககரம் இருக்கிறது. மூன்று இடத்திலும் ஒலி வேறு. நமக்குப் பழகிப் போனதனால் இது தெரிவதில்லை. மேலும், அடுக்களையில் நாம் பேசும் தமிழ் ஒன்று. அச்சில் வரும் தமிழ் வேறொன்று. "பாத்துட்டு வந்தேன்" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, "பார்த்துவிட்டு வந்தேன்" என்பது அரை அந்நிய பாஷையாகவே ஒலிக்கிறது. பள்ளியில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கும் குழந்தைக்கோ, தமிழ் வாரத்தில் சில மணி நேரம் வந்து போகும் விருந்தாளி. தாய்மொழியில் கதை படிக்க முடியாமல், பிறமொழியில் கதை ரசிக்கவும் முடியாமல் நடுவே நிற்கும் குழந்தைகள் நம் வீடுகளில் பெருகிவருகிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். இரண்டு படகில் கால் வைத்துத் தள்ளாடுகிறவர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. பிள்ளையின் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் குழந்தை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்றே எண்ணிக் கொண்டிருக்கும். கண் நன்றாயிருந்தும் எழுத்துக்கள் மட்டும் பிடிபடாத குழந்தைகளும் உண்டு. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில வைத்தியர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். கணக்கில் அவன் கெட்டிக்காரன். ஆனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க இயலாது. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் மிகவும் சமர்த்தனாக இருப்பான் என்பது அவனுடைய உபாத்தியாயரின் அபிப்பிராயம். இந்நிலையை இன்று 'டிஸ்லெக்ஸியா' என்கிறார்கள். இது புத்திக் குறைவன்று. தக்க பயிற்சியால் பெரிதும் சீர்ப்படுத்தக் கூடியது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக் கொண்டிருக்கிறது. ஐயமிருந்தால் காலந் தாழ்த்தாமல் நிபுணரைக் கலந்து கொள்ளுங்கள். அதுவரை அந்தக் குழந்தையை ஒரு கடுஞ்சொல் கூடச் சொல்லாதீர்கள்.

வேறு குறையில்லாத பிள்ளைக்கு என்ன மருந்து? முதல் மருந்து, வாசித்துக் காட்டுவது. "எழுத்துக் கூட்டப் படித்துவிட்டானே, இனி நாம் ஏன் படித்துச் சொல்ல வேண்டும்?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். சைக்கிள் விடக் கற்ற அன்றே கையை எடுத்துவிடுவது போன்றது இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் தாராளமாக வாசித்துக் காட்டலாம். ஏட்டுத் தமிழ் காதுக்குப் பழகிவிட்டால் கண்ணுக்கும் பழகிவிடும். இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிஷம் போதும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அடுக்களையில் வேலை இருக்கிறது" என்று எழுந்து போங்கள். மூடி வைத்த புஸ்தகம் சில நாளில் தானாகத் திறந்து கொள்ளும். பாட்டி இருக்கும் வீடாயிருந்தால் பாக்கியமே. கதை கேட்டு வளர்ந்த காதுதான் கதை தேடும் கண்ணைப் பெறுகிறது.

இரண்டாவது, தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழந்தைக்கே விடுவது. நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. மற்றொன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும் என்பது. அவனுக்குரிய நூல் என்றால் அவனுக்குப் பிடித்த நூல். நமக்குப் பிடித்த நூல் அன்று. கிரிக்கெட்டில் பைத்தியமாயிருக்கும் பையனுக்கு நீதி நூலை நீட்டிவிட்டு, "வாசிப்பில் நாட்டமில்லை" என்று சொல்வது நியாயமா? பாம்பைப் பற்றியோ, ராக்கெட்டைப் பற்றியோ, விடுகதையோ, துப்பறியும் கதையோ, எது அவன் கையைப் பற்றி இழுக்கிறதோ அதுவே அவனுக்கு ஆத்திசூடி.

படக்கதைகளைக் கண்டு முகஞ் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் படங்களுக்காகவே அதை எடுத்தவர்கள், படத்துக்குக் கீழிருந்த கதையையும் படித்தார்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யைப் பாடப் புஸ்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த பிள்ளைகள் பலர், பின்னாளில் தடித்த நாவல்களின் வாசகர்களானார்கள். ஏணியின் முதற்படி தாழ்வாயிருக்கிறதென்று அதை வெட்டிவிட்டால் மேற்படிக்கு எப்படி ஏறுவது?

மூன்றாவது, கூலி பேசாமலிருப்பது. "பத்துப் பக்கம் படித்தால் ஐஸ்கிரீம்" என்ற ஒப்பந்தம் பல வீடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் லெப்பர் முதலிய மூவர் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இங்கே கவனிக்கத் தக்கது. படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட சிறு குழந்தைகளில் சிலருக்கு, "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாட்களுக்குப் பின் பார்த்தால், பரிசுக்காக வரைந்தவர்கள், பரிசே பெறாத குழந்தைகளைப் போல் ஏறக்குறையப் பாதி நேரமே வரைதலில் ஈடுபட்டார்கள். விளையாட்டாயிருந்தது வேலையாகிவிட்டது! சொல்லாமல் பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு இந்தக் குறை நேரவில்லை. ஆகவே மகிழ்ச்சியில் புஸ்தகம் வாங்கிக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். தண்டனையாகப் படிக்கச் சொல்வதோ இதனினும் கொடுமை. "குறும்பு செய்தாயல்லவா? போ, உட்கார்ந்து படி" என்னும் தாய், புஸ்தகத்தைப் பிரம்புக்குச் சமமாக்கிவிடுகிறாள்.

பிரெஞ்சு உபாத்தியாயரும் எழுத்தாளருமான டேனியல் பென்னாக் 1992-இல் எழுதிய நூலில் வாசகனுக்குப் பத்து உரிமைகளை வகுத்தார். அவற்றுள் முதலாவது, படிக்காமலிருக்கும் உரிமை! பக்கங்களைத் தாண்டிச் செல்லவும், பாதியில் நிறுத்தவும், படித்ததையே திரும்பப் படிக்கவும் உரிமையுண்டு என்கிறார். பெரியவர்களாகிய நாம் இவ்வுரிமைகளை நாள்தோறும் அனுபவிக்கிறோம். குழந்தைக்கு மட்டும் எடுத்த நூலைக் கடைசி வரி வரையில் முடித்தாக வேண்டும் என்று சட்டம் போடுகிறோம்.

நான்காவது, புஸ்தகம் இருக்கும் இடத்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்வது. 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சென்ற நாடு இது. 1948-இல் பொது நூலகச் சட்டம் கண்ட மாகாணம் இது. இன்று சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதிகள் இருக்கின்றன. பட்டினத்துக்குத் தொலைவில் உள்ளவர்களுக்கு ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. குழந்தையின் பெயராலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். தன் பெயர் எழுதிய அட்டையை நீட்டித் தானே தேர்ந்த நூலை வாங்கி வரும் பிள்ளையின் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிடும்.

கடைசியாக, சொல்வதற்குச் சற்றுக் கசப்பானதொன்று. குழந்தைகள் நம் உபதேசத்தைக் கேட்பதில்லை. நம் நடத்தையைக் காப்பியடிக்கிறார்கள். தகப்பனார் கையில் மாலை முழுவதும் கைப்பேசியும் பிள்ளை கையில் மட்டும் புஸ்தகமும் இருக்க வேண்டுமென்பது நடவாத காரியம். நாளைக்கு அரை மணி நேரம், வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளையும் ஒரு தட்டில் போட்டு சுவாமி அறை வாசலில் வைத்துவிட்டு, அவரவர் விரும்பியதை அவரவர் படியுங்கள். பிள்ளை படிக்காமல் கூரையைப் பார்த்துக் கொண்டிருந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். நீங்கள் எதையோ படித்துச் சிரித்தால், "என்னம்மா சிரிக்கிறாய்?" என்று கேட்டு அருகில் வருவான். அப்போது அந்தப் பக்கத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம்.