மாத்திரையில் கோதுமை: உறையில் ஒரு வரி வேண்டும்

பிழைப்புக்காக டில்லிக்கு வந்த தமிழர் வீடுகளில் காலையில் இட்லி, இரவில் சப்பாத்தி என்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருடைய சிறுகுடலைக் கெடுத்துவிடுகிறது. சீலியாக் எனப்படும் இந்த நோய்க்கு ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை.

இது வடநாட்டாருக்கு மட்டுமே வரும் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. 2016-ல் வெளியான ஆய்வின்படி, வட இந்தியாவில் வயது வந்தோர் ஆயிரம் பேரில் சுமார் 12 பேருக்கு இந்நோய் இருந்தது. தென்னிந்தியாவில் ஒருவருக்கே இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் தரும் மரபுக்கூறு இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காணப்பட்டது. பெரிய வித்தியாசம், உண்ணும் கோதுமையின் அளவில் இருந்தது. அரிசியிலிருந்து கோதுமைக்கு மாறியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

உணவுப் பண்டத்தில் 'குளூட்டன் இல்லை' என்று அச்சிட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி உண்டு. மாத்திரை விஷயத்தில் இவ்வளவு தெளிவு இல்லை. மருந்துத் தூளை மாத்திரையாக இறுக்கவும், அது வயிற்றில் கரையவும் ஸ்டார்ச் சேர்க்கிறார்கள். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி ஆகியவற்றின் ஸ்டார்ச்சால் தொல்லையில்லை. கோதுமையிலிருந்தும் ஸ்டார்ச் எடுக்கலாம். வெறும் 'ஸ்டார்ச்' என்று போட்டிருந்தால் வாங்குகிறவருக்கு என்ன தெரியும்? பல உறைகளில் அந்த வார்த்தைகூட இருப்பதில்லை.

பீதிக்குக் காரணமில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, கோதுமை ஸ்டார்ச் சேர்ந்த ஒரு மாத்திரையில் குளூட்டன் அரை மில்லிகிராமைத் தாண்டாது. எனவே வெறும் சந்தேகத்தின் பேரில் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. ஆயினும் தினமும் நாலைந்து மாத்திரை விழுங்கும் சீலியாக் நோயாளிக்கு, தாம் விழுங்குவது எது என்று அறியும் உரிமை உண்டு.

மாத்திரையைவிடச் சத்துப் பவுடர்களில்தான் ஆபத்து அதிகம். பிள்ளை வளரவில்லை, ரத்தம் குறைவு என்றதும் தாய் வாங்குவது மால்ட் பவுடர். மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. பிள்ளைக்குச் சீலியாக் இருந்தால், தேற்றுவதற்காகக் கொடுப்பதே உடலை உருக்கும். டப்பாவில் உள்ள பட்டியலை அவசியம் படிக்க வேண்டும். நோய் உண்டோ என்று சந்தேகிப்பவர்கள், ரத்தப் பரிசோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

நோய் உறுதியானவர்கள் டாக்டரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் கேட்கலாம். உறையிலுள்ள விலாசத்துக்கு எழுதியும் விசாரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியே துப்புத் துலக்க வேண்டும் என்பது நியாயமா? ஐரோப்பிய நாடுகளில் கோதுமை ஸ்டார்ச் சேர்ந்த மருந்தில் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கும் எல்லா மருந்து உறைகளிலும், ஸ்டார்ச் எதிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி அச்சிடச் செய்யலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம். நோயாளிக்குக் கிடைக்கும் நிம்மதியோ பெரிது.