கிடாவை வித்துட்டு சிப் வாங்கலாமா?

2024 அக்டோபரில் மகாராஷ்டிராவின் வாஷிம் நகரில் பிரதமர் மோடி இரண்டு சிப்களை வெளியிட்டார். மாட்டுக்கு ‘கௌ சிப்’, எருமைக்கு ‘மகிஷ் சிப்’. காதில் மாட்டுகிற சமாசாரம் இல்லை இது. டி.என்.ஏ.வைப் படித்து, கன்றுக்குட்டியாக இருக்கும்போதே ‘இது தேறும், இது தேறாது’ என்று சொல்ல உதவும் ஆய்வகக் கருவி. அடுத்து ஆட்டுக்கும் ஒன்று வேணும்னு குரல் வராமலா போகும்?

வரட்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இந்த சிப் எதை வைத்து ஜோசியம் சொல்லும்?

டி.என்.ஏ. தானாக வாய் திறக்காது. ஆயிரக்கணக்கான ஆடுகளுக்கு என்ன எடை, ஈத்துக்கு எத்தனை குட்டி, எது சீக்கில் செத்தது, அப்பன் ஆத்தா யாரு... எல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டையும் டி.என்.ஏ.வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பலன். நான் படிச்சது பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், பேரேடே எழுதாத கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, லாபமா நஷ்டமான்னு அதுகிட்ட கேட்கிற கதை!

ஆட்டுக்கு சிப் ஒன்றும் புதுசில்லை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக் குறிகளைப் படிக்கிற சிப் பற்றி 2014-லேயே ஆய்வுக் கட்டுரை வந்தாச்சு. அதை உருவாக்க எடுத்துக்கொண்டது சானென், ஆல்பைன், போயர் உள்பட ஆறு வெளிநாட்டு இனங்களை. விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கன்னி ஆடு அதில் இல்லை. சேலம் கருப்பும் இல்லை. பிரான்ஸ்காரனுக்குப் பலன் கிடைக்கிறது என்றால், ஆட்டுப் பாலை அளந்து எழுதுவது அங்கே பல பத்து வருஷப் பழக்கம்.

இங்கே? 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வெள்ளாடு சுமார் 14.9 கோடி. அரசுப் பண்ணை, ஆராய்ச்சித் திட்டம் எல்லாம் தள்ளிவிட்டுப் பாருங்கள். கிராமத்து ஆட்டுக்கு ஏது நோட்டு?

இன்னொரு கொடுமை. நம்ம மந்தையில் எந்தக் கிடா முதலில் போகுது? சீக்கிரமா, கொழுகொழுன்னு வளர்றதுதான். பக்ரீத்துக்கும் கோயில் கொடைக்கும் வியாபாரி அதைத்தான் கேட்பார். விலை போகாமல் மிஞ்சிய நோஞ்சான்தான் மந்தைக்கு மாப்பிள்ளை! விதை நெல்லைத் தின்றுவிட்டுப் பதரை விதைக்கிறோம். இதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வகமும் வேண்டாம்.

ஆடு வளர்க்கிறவரைத் திட்டாதீர்கள். வட்டிக்காரரும் ஸ்கூல் ஃபீஸும் கிடா வளர்ந்து பொலிகிடா ஆகிற வரைக்கும் காத்திருக்குமா?

அரசிடம் நான் கேட்பது ரெண்டே ரெண்டு. நல்ல கிடாவை விற்காமல் ரெண்டு வருஷம் மந்தையில் விடுகிறவருக்கு, சந்தையில் கிடைக்கிற விலையை ஈடு கட்டுங்கள். ஊருக்கு ஒரு படித்த பெண்ணிடம் தராசும் நோட்டும் கொடுத்து, மாசச் சம்பளமும் கொடுங்கள். அஞ்சு வருஷம் எழுதட்டும். அப்புறம் சிப்பைக் கொண்டு வாருங்கள், மாலை போட்டே வரவேற்கலாம்.

அதை விட்டுவிட்டு, கசாப்புக் கடைக்குப் போன கிடாவுக்கு ஜாதகம் பார்த்து என்ன புண்ணியம்?