உருது தெரிந்தால்தான் முஸ்லிமா?

சனிக்கிழமை மார்க்க வகுப்பிலிருந்து வந்த என் பெண், "அத்தா, முஸ்லிம்னா உருதுதான் நம்ம பாஷையாமே?" என்றாள். நண்பரிடம் புலம்பினால், "மார்க்கம் ஒண்ணு, பாஷையும் ஒண்ணா இருந்தா பலம்தானே" என்கிறார்.

நான் வளர்ந்தது கொச்சி மட்டாஞ்சேரியில், ஐயா. ராவுத்தர் எங்கள் வீட்டில் தமிழ், மேமன் வீட்டில் கட்ச்சி, தக்னி வீட்டில் உருது, மாப்பிள்ளை வீட்டில் மலையாளம். தொழுகை ஒன்றுதான், அம்மா பிள்ளையைத் திட்டும் பாஷைதான் வேறு.

இந்த 'பலத்தை' ஜின்னாவும் நம்பினார். 1948 மார்ச்சில் டாக்கா போய், உருது மட்டுமே அரசு மொழி என்றார். (கவனிக்க: அதைச் சொன்னது ஆங்கிலத்தில்!) 1952 பிப்ரவரி 21-ல் வங்காள மாணவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. 1971-ல் நாடே உடைந்தது. சுட்டவரும் கலிமா சொன்னவர், செத்தவரும் கலிமா சொன்னவர்.

வங்காளிகள் மட்டும் ஒழுங்கா? அங்கே தங்கிவிட்ட உருது பேசும் பிஹாரிகளை, அதே மார்க்கத்துக்காரர்களை, முகாம்களில் ஒதுக்கினார்கள். 2008-ல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் குடியுரிமை. மதச்சார்பின்மையை 1972-ல் சட்டத்தில் எழுதி, 1977-ல் அழித்து, 1988-ல் இஸ்லாமை அரசு மதமாக்கினார்கள். 2011-ல் மதச்சார்பின்மை திரும்பியது. அரசு மதமும் கூடவே நின்றது. என்ன கூத்தோ!

உருது நல்ல பாஷை, படிக்கட்டும். ஆனால் என் அம்மாவோடு போனில் அவள் தமிழில்தான் பேசுவாள். வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டேன்.