பேரனின் உலையில் கசடு இல்லை

பேரனுக்கு முழுப்பரீட்சை லீவு. அம்பத்தூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது, ஆகவே கையில் டேப்லெட். நான் பேப்பர் படிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில்தான் உட்காருவான். போன வாரம் ஒரு நாள் திடீரென்று, "அப்பாடா, அயர்ன் கிடைச்சிடுச்சு. இனிமே உருக்கணும்" என்றான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் 1979-லிருந்து முப்பத்திரண்டு வருஷம் இரும்பு உருக்கியவன் நான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

மைன்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு. உலகமே சதுரம் சதுரமாக இருக்கிறது. முதலில் மரத்தை வெட்டி மரப் பிக்காசு செய்ய வேண்டும். அதை வைத்துக் கல் உடைத்துக் கல் பிக்காசு. இரும்புத் தாதை உடைக்கக் கல் பிக்காசாவது இருந்தாக வேண்டும், மரத்தால் அடித்தால் ஒன்றும் கிடைக்காது. தங்கமும் வைரமும் வேண்டுமென்றால் இரும்புப் பிக்காசு. இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கருவி இல்லாமல் அடுத்த கருவி இல்லை என்பதை ஐ.டி.ஐ.யில் எங்களுக்கு இரண்டு வருஷம் சொல்லித் தந்தார்கள். இவன் ஒரு மதியத்தில் தெரிந்துகொண்டிருக்கிறான்.

எட்டு உடைகல் இருந்தால் ஓர் உலை ஆகிவிடுகிறது. மேலே கச்சா இரும்பு, கீழே எரிபொருள். பத்து விநாடியில் ஒரு கச்சா இரும்புக்கு ஒரு கட்டி வந்து விழுகிறது. ஒரு நிலக்கரித் துண்டு எட்டுக் கட்டிகளுக்குப் போதும். நிலக்கரி இல்லையென்றால் வெறும் மரப்பலகையைப் போட்டாலும் உருகும்.

"கசடு எங்கடா?" என்றேன்.

"அப்படின்னா என்ன தாத்தா?"

எங்கள் பூங்கா பெஞ்சில் மாலையில் கூடுகிற நண்பர்கள் ஏழு பேர். இந்த மாதிரி விளையாட்டெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, பிடுங்கி வைக்க வேண்டும் என்பது அவர்களின் ஒருமித்த தீர்ப்பு. நான் அதில் சேரவில்லை. கல்லுக்குள் உலோகம் இருக்கிறது, அதைத் தீ வெளியே கொண்டுவரும் என்று ஒரு பிள்ளை தானாக ஆசைப்பட்டுத் தெரிந்துகொள்கிறது என்றால் அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? என் குறை வேறு. அந்த விளையாட்டு வேலையை மறைத்துவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நிஜத்தில் இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் கல்லும் சேர்ந்த கலவை. சேலத்துக் கஞ்சமலையில் இருக்கிற காந்தத் தாதில் இரும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மீதியில் பெரும்பகுதி வெள்ளைக் கல். அந்தக் காலத்து உலைக்காரர்கள் அதை இடித்து, தண்ணீரில் அலசி, கனமான கறுப்புப் பொடியைப் பிரித்தெடுத்தார்கள். ஆள் உயரத்துக்கும் குறைவான மண் உலை. அதில் கரி ஒரு அடுக்கு, தாது ஒரு அடுக்கு. விறகு போதாது, கரிதான் வேண்டும். கரி சூட்டை மட்டும் தருவதில்லை, அதிலிருந்து எழும் வாயுதான் தாதிலிருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகளை மாற்றி மாற்றி மணிக்கணக்காக அமுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் உலை ஆறிப்போய் எல்லாம் பாழ்.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. அந்த உலையில் இரும்பு உருகுவதே இல்லை. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், அந்த மண் உலை ஆயிரத்து இருநூறை ஒட்டித்தான் எட்டும். உருகி ஓடுவது கசடு. இரும்பு, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான கட்டியாக அடியில் தங்கும். அதைக் குறடால் இழுத்துப் போட்டு, சூடு ஆறுமுன் அடித்து அடித்து உள்ளே சிக்கிய கசடை வெளியேற்றினால்தான் அது இரும்பு. பேரனின் உலையில் பளபளவென்று செங்கல் மாதிரி கட்டி விழுவதற்குப் பின்னால் எத்தனை பேருடைய தோள்பட்டை இருக்கிறது பாருங்கள்.

எஃகு செய்வது அதற்கும் மேலே ஒரு படி. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசியா மார்ஷல் ஹீத், நம் ஊர் முறையை எழுதி வைத்திருக்கிறார். சின்ன மண் மூசைக்குள் இரும்புத் துண்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை, களிமண்ணால் வாய் மூடி உலையில் வைப்பார்கள். ஆவாரமும் எருக்கும்! திருமுல்லைவாயில் பக்கம் காலி மனைகளில் நாம் தாண்டிப் போகிற செடிகள். அவற்றின் கரிதான் இரும்புக்குள் ஏறி எஃகாக்கியது. அந்த எஃகை 'ஊட்ஸ்' என்று பெயர் சொல்லி லண்டனில் மைக்கேல் ஃபாரடே வரை ஆராய்ந்தார்கள். ஃபாரடேயின் தகப்பனார் கொல்லர் என்பது எனக்குப் பிடித்த உபரித் தகவல்.

எங்கள் பவுண்டரியில் குப்போலா உலை. தாது கிடையாது, பிக் அயர்னும் பழைய இரும்பும்தான். விடியற்காலையில் விறகு போட்டுப் பற்றவைத்து, கோக் படுக்கை கட்டி, அதன்மேல் இரும்பு, கோக், சுண்ணாம்புக்கல் என்று மாற்றி மாற்றிக் கொட்டுவோம். சுண்ணாம்புக்கல் எதற்கு என்று புதுப் பையன்கள் எல்லாரும் கேட்பார்கள். கோக்கின் சாம்பலையும் மணலையும் பிடித்துக் கசடாக இளக்கி வெளியே ஓடவைக்க. கசடு ஒழுங்காக ஓடினால்தான் இரும்பு ஒழுங்காக வரும். நான் புளோயர் ஓசையைக் கேட்டும், நீலக் கண்ணாடியில் துளை வழியே பார்த்தும், கசடின் நிறத்தை வைத்தும் உலையின் மனசைச் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எஸ்டேட்டில் என்னைப்போல் நூறு பேர் இருந்தார்கள்.

வீட்டில் இதில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு ஐப்பசி மழையில், அச்சு மணலில் ஈரம் இருந்ததைக் கவனிக்காமல் ஊற்றிவிட்டார்கள். உருகிய இரும்பு ஈரத்தைத் தொட்டால் வெடிக்கும். என் பக்கத்தில் நின்றவனுக்கு இரண்டு பாதமும் போயிற்று என்றுதான் நினைத்தோம். நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, நடந்து வந்தான், ஆனால் உலைப் பக்கம் வரவில்லை. அன்று ராத்திரி சட்டையில் இருந்த பொத்தல்களைப் பார்த்து என் மகன் கேட்டான். அவனுக்கு எட்டு வயது. "ஒழுங்கா படிக்கலேன்னா நீயும் அங்கதான் நிக்கணும்" என்றேன். அதற்கப்புறம் அவன் கணக்கில் மார்க் குறைந்தபோதெல்லாம் அதே வசனம். அவன் நன்றாகப் படித்தான், ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான், சந்தோஷம். ஆனால் அப்பா என்ன வேலை செய்தார் என்று அவனைக் கேட்டால் "எஸ்டேட்ல ஒரு கம்பெனி" என்பதோடு முடிந்துவிடும். நான்தான் அந்த வேலையைப் பூச்சாண்டியாக்கிக் கொடுத்தேன்.

பேரனின் ஆள் விளையாட்டில் எரிமலைக் குழம்பில் விழுந்து செத்துப்போனான். சேர்த்துவைத்த இரும்பெல்லாம் எரிந்துபோயிற்று. அடுத்த நொடி கட்டிலில் எழுந்து நின்றான், பேரனும் சிரித்தான். எனக்கு அந்தப் பாதங்கள் ஞாபகம் வந்தன.

இப்போது பெரியவர்களுக்கு வருகிறேன். 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர், தமிழ்நாட்டில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது, சிவகளையில் எடுத்த மாதிரிகள் அதைச் சொல்கின்றன என்று அறிவித்தார். இன்னும் சான்று வேண்டும் என்கிற அறிஞர்களும் உண்டு, அந்த வாதம் நடக்கட்டும். எங்கள் பெஞ்சில் அன்று ஒரே கொண்டாட்டம். 5300 வருஷம், 5300 வருஷம் என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். "எப்படி எடுத்தாங்களாம்?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்களும் பத்து விநாடியில் கட்டியை எடுத்துக்கொண்டவர்கள்தான். பேரனாவது பிக்காசால் கல்லை உடைத்தான்.

என்னைக் கேட்டால், வருஷத்தைச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் கசடையும் கையில் கொடுக்க வேண்டும். கொடுமணலிலும் மேல்சிறுவாலூரிலும் உலைக்காரர்கள் விட்டுப்போன கசடையும் மூசைத் துண்டுகளையும் வைத்துத்தான் ஆய்வாளர்கள் அவர்கள் தொழிலைக் கண்டுபிடித்தார்கள். இரும்பு துருப்பிடித்துப் போய்விடும், கசடு கிடக்கும். ரோடு போட அள்ளிப்போகிற கறுப்புக் கல் குவியலில் எது சரித்திரம் என்று தெரிந்த நாலு பேர் ஊருக்கு வேண்டாமா? சித்த வைத்தியர்கள் பழைய கசடை மண்டூரம் என்று பெயர் வைத்து மருந்துக்கு எடுத்து வைத்தார்கள். நமக்கு அந்த மரியாதைகூட இல்லை.

அதற்காகப் பேரனிடம் பிரசங்கம் செய்யவில்லை. எதிர் மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த ஆற்று மணலுக்கு அவனைக் கூட்டிப்போனேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பாலிதீன் பையில் போட்டு மணலில் இழுக்கச் சொன்னேன். கறுப்பாக மீசை முளைத்தது. "இதுதான்டா தாது. இதே ஜாதிதான் கஞ்சமலையில மலையா இருக்கு." மூன்று நாளில் அரை டம்ளர் சேர்த்துவிட்டான். மருமகள், "மாமா, வெயில்ல ஏன் இப்படி?" என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டாள். நியாயம்தான்.

சனிக்கிழமை எலெக்ட்ரிக் ரயிலேறி எழும்பூர் மியூசியம். ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கற்கருவிகள் அங்கே இருக்கின்றன. 1863-ல் அவர் கண்டுபிடித்த அத்திரம்பாக்கம், நம் ஆவடிக்கு வடமேற்கே, பூண்டி ஏரிப் பக்கம். "கல் பிக்காசு!" என்று பேரன் கத்திவிட்டான், காவலர் திரும்பிப் பார்த்தார். ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த இரும்பு வாள், ஈட்டி முனைகள் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். துருவைப் பார்த்து முகம் சுளித்தான், ஏனென்றால் விளையாட்டில் இரும்பு துருப்பிடிப்பதில்லையாம். கூட வந்த என் மகன் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திரும்பி வரும்போது பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயில் நின்றதும், "அப்பா, உங்க உலை எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டான். அவனுக்கு வயது நாற்பத்தொன்று. கையை நீட்டிக் காட்டினேன். இப்போது அங்கே ஒரு கிடங்கு.

நேற்று பேரன் கூப்பிட்டு டேப்லெட்டைக் காட்டினான். அவனுடைய உலைக்கு வெளியே சரளைக் கல்லைக் குவித்து வைத்திருந்தான்.

"என்னடா இது?"

"கசடு தாத்தா. கேம்ல கிடையாது, நானே வெச்சேன்."

குவியலை எண்ணினேன். இவ்வளவு இரும்புக்கு இது காணாது, இன்னும் ஒரு மடங்காவது போடு என்றேன்.