பழைய வாக்குத்தத்த அட்டைகள் எங்கே?



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் நாம் வாக்குத்தத்த அட்டையை வாங்குகிறோம். இந்த ஆண்டு எனக்கு என்ன வசனமோ என்று ஆவலோடும் சற்றே நடுக்கத்தோடும் திருப்பிப் பார்க்கிறோம். நல்லது. ஆனால், சென்ற ஆண்டு பெற்ற அட்டை எங்கே என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் எடுத்துக் காட்ட இயலும்? புதிய வாக்கைக் கேட்பதில் நமக்கிருக்கும் வாஞ்சை, பழைய வாக்கு எவ்விதம் நிறைவேறிற்று என்று எண்ணிப் பார்ப்பதில் இல்லை. நம்முடைய விசுவாசம் சிறிய காற்றுக்கும் அசைந்துபோவதற்கு இந்த மறதியும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

யோசுவா 4ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தவுடன், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வரும்படி கர்த்தர் கட்டளையிட்டார். பின்னாளில் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு கேள்வி கேட்பார்கள். பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். கல் நாட்டி நினைவைக் காப்பது நம் கொங்கு மண்ணுக்கும் புதிதன்று. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் பெருங்கற்காலச் சின்னங்கள் இன்றும் நிற்கின்றன. போரில் மாண்டவர்களுக்கு நடுகல் எடுப்பதும் இந்நாட்டின் பழைய வழக்கம். நடுகல் மாண்ட வீரனைச் சொல்லும். கில்காலின் கற்களோ ஜீவிக்கிற தேவனைச் சொல்லின. அவற்றில் யோசுவாவின் பெயர் பொறிக்கப்பட்டதாக வேதம் சொல்லவில்லை. நம் ஆலயங்களின் சலவைக்கற்களில் யார் யாருடைய பெயர்களைப் பொறிக்கிறோம் என்பதை இவ்விடத்தில் நாமே சிந்தித்துக்கொள்வோம்.

கோயம்புத்தூர்க்காரராகிய நமக்கு மறதியின் ஆபத்தை விளக்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். நம் வீடுகளில் உப்புத் தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. அந்த நல்ல தண்ணீருக்காக இந்நகரம் நெடுங்காலம் ஏங்கியது. சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சே. ப. நரசிம்மலு நாயுடு 19ஆம் நூற்றாண்டிலேயே வலியுறுத்தினார். அவர் 1922இல் மறைந்தார். மலைநீர் குழாய் வழியே நகருக்கு வந்தது அதன் பின்னரே. தாம் கேட்ட நீரை அவர் பருகவில்லை. நாம் நாள்தோறும் பருகுகிறோம். ஒரு நாள் குழாயில் வரவில்லையென்றால் முறுமுறுக்கிறோம். வந்த நாட்களுக்காக ஸ்தோத்திரம் சொன்னதுண்டா? உபாகமம் 8இல் மோசே எச்சரித்தது இதையே. வனாந்தரத்தில் அல்ல, புசித்துத் திருப்தியான பின்புதான் மனிதன் கர்த்தரை மறக்கிறான்.

நம் சபையின் வரலாறும் நாம் தோண்டாத கிணற்றின் தண்ணீரே. இலண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் ஐயர் 1830இல் கோயம்புத்தூருக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கினார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1950இல் கோயம்புத்தூரின் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்துவின் அன்பைத் தமிழரின் பக்தி மரபின் மொழியில் எடுத்துரைத்த இறையியலாளர். பிள்ளைகள் இவற்றைக் கேட்டு வளர வேண்டும். ஆயினும், எங்கள் சபை பழமையானது என்று பெருமைகொள்வதற்காக அன்று. ஆட்கள் சிலராகவும் வசதி குறைவாகவும் இருந்த நாளில் நடத்தினவர் இன்றும் நடத்துவார் என்ற நம்பிக்கை பெறுவதற்காகவே.

இங்கே ஒரு எச்சரிப்பும் அவசியம். துக்கத்தில் இருப்பவரிடம் போய், பெற்ற நன்மைகளை நினைத்து ஆறுதல்கொள் என்று சொல்லி அவருடைய வாயை அடைக்கிறோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன், அது தவறு. 77ஆம் சங்கீதத்தில் ஆசாப் தூக்கமின்றிப் புலம்புகிறான். தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ என்றே கேட்டுவிடுகிறான். அந்தக் கேள்விகளையெல்லாம் கேட்ட பின்புதான் பூர்வகாலத்து அதிசயங்களை நினைவுகூருகிறான். செங்கடலைப் பிளந்த தேவனுடைய அடிச்சுவடுகள் அன்றும் காணப்படவில்லை என்று அறிந்துகொள்கிறான். அவன் துன்பம் தீர்ந்ததாக அந்தச் சங்கீதம் சொல்லவில்லை. துன்பம் தீருமுன்னே நம்பிக்கை பிறந்துவிடுகிறது.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டிப் பிழைத்த குடும்பம் ஒன்றைச் சில காலத்துக்கு முன் சந்தித்தேன். கூலி கட்டுப்படியாகாமல் தறிகளை விற்றுவிட்டிருந்தார்கள். ஜெபித்துவிட்டு எழுந்தபோது அந்த வீட்டு அம்மா தம் வேதாகமத்தைத் திறந்து, பதினான்கு ஆண்டுகளின் வாக்குத்தத்த அட்டைகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு வரி எழுதியிருந்தார். ஒன்றில், மகளுக்கு வேலை கிடைத்தது. மற்றொன்றில், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தறி விற்ற ஆண்டின் அட்டையில், ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் இருக்கிறோம் என்றிருந்தது. ஆறுதல் சொல்லப் போன நான் ஆறுதல் பெற்றுத் திரும்பினேன்.

சாமுவேல் கல்லை நிறுத்தி எபெனேசர் என்று பெயரிட்டது நினைவிருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் இஸ்ரவேல் தோற்று, உடன்படிக்கைப் பெட்டியைப் பறிகொடுத்த போரோடு சேர்ந்த பெயர் அது. நம்மில் பலர் வீட்டு வாசலில் எழுதிவைத்திருக்கும் அந்தச் சொல், வெற்றியை மட்டுமன்றி, தோல்வியின் ஊடாகவும் கைவிடாத தேவனைச் சொல்கிறது. இதுகாறும் உதவினார் என்பவன் பயணம் முடிந்ததாகச் சொல்லவில்லை. இனியும் உதவுவார் என்பதற்கு ஆதாரம் காட்டுகிறான்.

ஆகையால் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். பழைய அட்டை ஒன்றைத் தேடியெடுத்து, அந்த ஆண்டில் கர்த்தர் செய்ததை அதன் பின்புறம் எழுதுங்கள். புரியாததையும் எழுதுங்கள். இரவு ஜெபத்தில் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். வரும் ஞாயிறு திருவிருந்துக்கு வரும்போது அந்த நினைவோடு வாருங்கள். தம்மை நினைவுகூரும்படி நம் ஆண்டவர் கட்டளையிட்ட பந்தி அது. அவர் மறுபடியும் வருமளவும் நாம் அதை ஆசரிக்கிறோம். சிலுவையை நினைக்கிற அதே பந்தியில்தான் அவருடைய வருகைக்கும் காத்திருக்கிறோம்.

கர்த்தர் தாமே நம் நினைவைக் காத்து, நம் நம்பிக்கையைப் பெருகப்பண்ணுவாராக. ஆமென்.